காப்புப் பத்திரத்தில் இரண்டு தேதிகள்



நான் ஒரு டாக்டர். தாமிரபரணிக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். டாக்டர் பேசப் போகிறார் என்றதும், கொசு ஒழிப்பைப் பற்றியோ கீரையின் பெருமையைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. மருத்துவத்தில் பிழை நேர்ந்துவிட்டால் ஈடு கொடுப்பதற்கென்று டாக்டர்கள் ஒரு வகை இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பாலிசியை ஒரு கம்பெனியிலிருந்து மற்றொரு கம்பெனிக்கு மாற்றும்போது கவனிக்க வேண்டியவை எவை என்பதே என் பேச்சு. இது வறண்ட பொருள் என்று தள்ளிவிட வேண்டா. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்திற்காக நான் கொடுக்கவிருந்த விலை கொஞ்சமன்று.

முதலில் பாலிசியின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். ஆயுள் காப்பு உங்களுக்குத் தெரியும்; வீட்டில் யாரேனும் ஒருவர் பெயரில் இருக்கும். வண்டிக் காப்பும் தெரியும். மூன்றாவதாகத் தொழில் பொறுப்புக் காப்பு என்று ஒன்று உண்டு. டாக்டரின் கவனக்குறைவால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தது என்று வழக்கு வந்தால், வக்கீல் செலவையும், நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பானால் அந்தத் தொகையையும், பாலிசியில் குறித்த அளவு வரை கம்பெனி ஏற்றுக்கொள்ளும். டாக்டர் மதுபோதையில் மருத்துவம் பார்த்தால் ஏற்காது. குற்றச் செயலுக்கும் ஏற்காது. நல்லெண்ணத்தோடு உழைக்கும் மனிதனும் செய்யக்கூடிய பிழைக்கே இந்தக் காப்பு.

நம் நாட்டில் டாக்டர்கள் இதை நாடலானதற்கு ஒரு தீர்ப்பு பெரிதும் காரணம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவமும் அந்தச் சட்டம் கூறும் 'சேவை'யில் அடங்குமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. அடங்கும் என்று 1995 நவம்பரில் தீர்ப்பாயிற்று. அது முதல், தீங்குற்ற நோயாளி சிவில் கோர்ட்டுக்குச் சென்று பல்லாண்டு காத்திருக்க வேண்டும் என்பதில்லை. நுகர்வோர் மன்றத்தில் முறையிடலாம் என்பது ஐயத்திற்கு இடமின்றி உறுதியாயிற்று. 2019-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் பழைய சட்டத்தின் இடத்திற்கு வந்த பின்னரும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

இனிக் கம்பெனிகளின் கதை. பொது இன்ஷூரன்ஸ் தொழில் 1973-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அரசின் உடைமையாக இருந்தது. நான்கு அரசுக் கம்பெனிகளே அதை நடத்தின. 2000-க்குப் பிறகு தனியார் கம்பெனிகளும் வந்தன. கம்பெனிகள் பல ஆனதும் போட்டி ஏற்பட்டது; போட்டி ஏற்பட்டதும் பிரீமியத்தில் ஏற்றத்தாழ்வு உண்டாயிற்று. பாலிசியை மாற்றலாமா என்னும் ஆசையும் அங்கேதான் பிறந்தது.

எனக்கும் அந்த ஆசை வந்தது. 2009 ஏப்ரல் முதல் தேதி ஒரு கம்பெனியில் நான் பாலிசி எடுத்தேன். ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பித்து வந்தேன். 2017 மார்ச் மாதத்தில் வேறொரு கம்பெனியின் முகவர் என் மருத்துவமனைக்கு வந்தார். அதே அளவு காப்பு, பிரீமியம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்றார். விண்ணப்பத் தாளை மேசைமீது வைத்து, "டாக்டர் ஐயா, கையெழுத்துப் போட்டால் போதும். மற்றதை நானே பூர்த்தி செய்துகொள்கிறேன்" என்றார். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். வெளியே நோயாளிகள் காத்திருந்ததால், தாளை வைத்துவிட்டுப் போகும்படி சொல்லி அனுப்பினேன். அன்று காத்திருந்த நோயாளிகளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

அன்று மாலை, இன்ஷூரன்ஸ் கம்பெனியொன்றில் முப்பது ஆண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வந்தார். பேச்சுவாக்கில் அவரிடம் தாளைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரீமியத் தொகையைப் பார்க்கவில்லை. வேறு எதையோ தேடினார். பிறகு நிமிர்ந்து, "இதில் இரண்டு தேதிகளைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை.

அவர் விளக்கியதை உங்களுக்கும் விளக்குகிறேன். ஒரு வண்டி இன்று மோதினால் இன்றே தெரிந்துவிடும். மருத்துவப் பிழையோ அப்படியன்று. இன்று செய்த பிழை ஓராண்டு கழித்து வெளிப்படலாம். அதன்மேல் முறையீடு வரப் பின்னும் காலம் ஆகலாம். நம் சென்னையிலேயே இதற்குச் சான்று உண்டு. 1996-இல் ஓர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அத்தகைய குழந்தைகளுக்கு விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். உரிய காலத்தில் கண்டால் பார்வையைக் காக்க இயலும். அந்தக் குழந்தைக்கு அது செய்யப்படவில்லை. பார்வை போய்விட்டது. வழக்கு படிப்படியாக ஏறி, 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1 கோடியே 80 இலட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்கியது. பிழைக்கும் கடைசித் தீர்ப்புக்கும் இடையே 19 ஆண்டுகள்!

இப்படி நாட்பட்டு வரும் வழக்கை எந்த ஆண்டுப் பாலிசி தாங்குவது? இதற்கு உலகில் இரண்டு முறைகள் உண்டு. பிழை நடந்த நாளில் நடப்பிலிருந்த பாலிசியே, முறையீடு எப்போது வந்தாலும் ஏற்க வேண்டும் என்பது ஒரு முறை. முறையீடு வந்து சேரும் நாளில் நடப்பிலிருக்கும் பாலிசி ஏற்கும் என்பது மற்றொரு முறை. அமெரிக்காவில் முன்பு முதல் முறையே பெரும்பான்மையாக இருந்தது. 1970-களின் நடுவில் வழக்குகள் பெருகவே, பல ஆண்டு கழித்து வரும் சுமையைக் கணக்கிட இயலாமல் கம்பெனிகள் தத்தளித்தன. அதன் பின்னர் இரண்டாம் முறை அங்கே பரவிற்று. நம் நாட்டில் டாக்டர்களுக்கு விற்கப்படும் பாலிசிகளும் பெரும்பாலும் இந்த இரண்டாம் முறையைச் சேர்ந்தவையே.

இரண்டாம் முறையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. முறையீடு பாலிசிக் காலத்திற்குள் வர வேண்டும் என்பதோடு, பிழை நடந்த நாளும் ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிற்பட்டதாக இருக்க வேண்டும். அதைப் பின்னோக்குத் தேதி என்று சொல்லலாம். பாலிசி எவ்வளவு தூரம் பின்னால் திரும்பிப் பார்க்கும் என்பதற்கு அதுவே எல்லைக் கல். ஒரே கம்பெனியில் இடைவிடாது புதுப்பித்து வந்தால், முதன்முதல் எடுத்த நாளே பின்னோக்குத் தேதியாக நிலைத்து நிற்கும். என் பழைய பாலிசியில் அது 2009 ஏப்ரல் 1. முகவர் கொண்டுவந்த தாளில் அது 2017 ஏப்ரல் 1.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். எட்டு ஆண்டுகளில் நான் பார்த்த நோயாளிகளுள் எவரேனும் 2017 ஏப்ரலுக்குப் பிறகு முறையிட்டால், "பிழை எங்கள் தேதிக்கு முற்பட்டது" என்று புதிய கம்பெனி கைவிரிக்கும். "முறையீடு எங்கள் காலம் முடிந்த பின் வந்தது" என்று பழைய கம்பெனி கைவிரிக்கும். இரண்டு கம்பெனிகளுக்கும் பணம் கட்டியவன் நடுவே நிற்பான். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்களே, அதுதான். பிரீமியம் ஏன் குறைவாக இருந்தது என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. காப்பு குறைந்ததனால் விலையும் குறைந்தது.

அமெரிக்க டாக்டர்கள் இந்த இடைவெளியை அடைக்க இரண்டு வழிகளைக் கையாளுகின்றனர். பழைய கம்பெனிக்கே ஒரு தொகை கொடுத்து, பாலிசி முடிந்த பிறகு வரும் முறையீடுகளையும் ஏற்கச் செய்வது ஒன்று. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'வால்'. ஆண்டுப் பிரீமியத்தைப் போல் இரு மடங்குகூட அந்த வாலுக்கு விலை ஆவதுண்டு. புதிய கம்பெனியே பழைய காலத்தையும் ஏற்றுக்கொள்ளச் செய்வது மற்றொன்று. அதற்குப் பெயர் 'மூக்கு'. வாலோ மூக்கோ இல்லாமல் கம்பெனி மாறுகிறவர் தம் கடந்த காலத்தைக் காப்பின்றி விட்டுச் செல்கிறார். மாறுவது எப்போதும் நம் விருப்பப்படி நிகழ்வதும் அன்று. அமெரிக்காவில் சுமார் 42,000 டாக்டர்களுக்குக் காப்பளித்து வந்த செயின்ட் பால் என்னும் பெரிய கம்பெனி, இந்தத் தொழிலிலிருந்தே விலகுவதாக 2001 டிசம்பரில் அறிவித்தது. அத்தனை பேரும் புதிய இடம் தேட வேண்டியதாயிற்று.

"அப்படியானால் 2009 தேதியையே புதிய பாலிசியிலும் போடச் சொல்கிறேன்" என்றேன் பெரியவரிடம். "சொல்லுங்கள். பழைய பாலிசிகளின் நகலைக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு முதலில் விடை எழுதுங்கள்" என்று தாளின் கீழ்ப்பகுதியைச் சுட்டிக் காட்டினார். பிற்காலத்தில் முறையீடாக மாறக்கூடிய நிகழ்ச்சி எதையேனும் நீங்கள் அறிவீர்களா என்று அங்கே அச்சிட்டிருந்தது. எதிரே இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை.

நேயர்களே, நான் அறிவேன்.

அந்த ஆண்டு ஜனவரியில் ஓர் இரவு, 58 வயதுள்ள பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் வந்தார். நெடுநாள் நீரிழிவு நோயாளி. மேல் வயிற்றில் வலி, குமட்டல். விருந்துச் சாப்பாடு சாப்பிட்டதாகச் சொன்னார். அஜீரணம் என்று நான் முடிவு கட்டி, மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன். இருதயத்தின் கீழ்ப்புறத்தைத் தாக்கும் மாரடைப்பு சில வேளைகளில் மேல் வயிற்று வலியாகவே தோன்றும். நீரிழிவு உள்ளவர்க்கு மார்வலி தெளிவாகத் தோன்றாமலே போகவும் கூடும். இது நான் கல்லூரியில் படித்த பாடம். ஈ.சி.ஜி. கருவி பக்கத்து அறையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. மறுநாள் அவரை நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு என்று கண்டார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் இருதயம் பலவீனமாகிவிட்டது. மூட்டை தூக்கிய மனிதர் மாடிப்படி ஏற முடியாமல் ஆனார். அவர் என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஊரில் எவரும் கேட்கவில்லை.

அந்தக் கட்டங்களின் முன்னே நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். 'இல்லை' என்று எழுதினால் பிரீமியம் குறையும், பழைய தேதியும் கிடைக்கும், எவருக்கும் தெரியாது. அவரே கேட்காதபோது நானாக ஏன் சொல்ல வேண்டும் என்று மனம் வாதாடிற்று. பெரியவர் என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, ஒரு பழைய வழக்கைச் சொன்னார்.

சுமத்திரா தீவில் ஆங்கிலேயர்களுக்கு மார்ல்பரோ கோட்டை என்று ஒரு கோட்டை இருந்தது. அதன் கவர்னர் கார்ட்டர் என்பவர், அந்நியப் பகைவர் கோட்டையைப் பிடித்தால் ஈடு பெறுவதற்காக இன்ஷூரன்ஸ் எடுத்தார். 1760-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்துவிட்டனர். கோட்டையின் பலவீனத்தைக் கவர்னர் மறைத்தார் என்று சொல்லி, ஈடு கொடுக்க மறுத்தார் இன்ஷூரன்ஸ் அளித்தவர். 1766-இல் மான்ஸ்பீல்டு பிரபு தீர்ப்பளித்தார். அந்த வழக்கில் கவர்னரே வென்றார். ஆனாலும் அன்று நீதிபதி வகுத்த கொள்கை இன்றுவரை நிற்கிறது: ஒருவர் தமக்கு மட்டுமே தெரிந்த செய்தியை மறைத்து, அதை அறியாத மற்றவரை ஒப்பந்தத்திற்கு இழுக்கலாகாது. இன்ஷூரன்ஸ் நம்பிக்கையின்மேல் நிற்கும் தொழில். மறைத்து வாங்கிய பாலிசி, தேவைப்படும் நாளில் வெறும் காகிதமாகிவிடலாம்.

"மறைத்தால் உங்களுக்கு மட்டுமா நஷ்டம்? அந்தக் கடைக்காரர் நாளைக்கு வந்து கேட்டால் எங்கிருந்து கொடுப்பீர்கள்?" என்றார் பெரியவர். அதுவரை பாலிசியை என்னைக் காக்கும் கேடயமாக மட்டுமே எண்ணியிருந்தேன். என் கையால் தீங்குற்றவருக்கு ஈடு சென்று சேரும் வழியும் அதுவே என்பது அந்த நொடியில்தான் உறைத்தது.

'ஆம்' என்று எழுதினேன். அதோடு வேறொன்றும் செய்தேன். பாலிசி முடிவதற்குள், இன்ன நாளில் இன்ன நிகழ்ச்சி நடந்தது, இதிலிருந்து முறையீடு எழக்கூடும் என்று பழைய கம்பெனிக்குக் கடிதம் எழுதி, ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். என் பாலிசியில் அதற்கு ஒரு விதி இருந்தது. காலத்திற்குள் தெரிவித்து, கம்பெனியும் அதை ஏற்றுக்கொண்டால், பிற்பாடு வரும் முறையீட்டை அந்தக் காலத்திலேயே வந்ததாகக் கருதுவார்கள். எட்டு ஆண்டாக வைத்திருந்த பாலிசியின் அந்த விதியை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். பழைய கம்பெனி என் கடிதத்தை ஏற்றுக்கொண்டது. புதிய கம்பெனி, அந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் விலக்கிவிட்டு, 2009 தேதியை ஒப்புக்கொண்டது. பிரீமியம் மட்டும் முகவர் சொன்னதைவிட ஏறிற்று. பழையதைவிடச் சிறிதே குறைவு. மார்ச் 31 நள்ளிரவில் ஒன்று முடிய, அந்தக் கணமே மற்றொன்று தொடங்கிற்று. இடையில் ஒரு நாளும் விடவில்லை.

2018 பிப்ரவரியில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கடைக்காரர் சார்பில் அவருடைய மகன் அனுப்பியிருந்தார். மருத்துவச் செலவில் கடை கடனில் மூழ்கிவிட்டது என்று அதில் கண்டிருந்தது. நுகர்வோர் மன்றத்தில் முறையிடச் சட்டம் தரும் காலம் இரண்டு ஆண்டு; அவர்கள் ஓராண்டிற்குச் சற்று மேற்பட்ட காலத்திலேயே வந்துவிட்டனர். நோட்டீஸைப் பழைய கம்பெனிக்கு அனுப்பினேன். அவர்கள் அமர்த்திய வக்கீல் என் குறிப்புகளைக் கேட்டார். இருந்ததை இருந்தபடியே கொடுத்தேன். நோயாளியின் குறிப்புகளைப் பிற்பாடு திருத்தி எழுதும் டாக்டர் முதல் பிழையைவிடப் பெரிய பிழையைச் செய்கிறார். கம்பெனியின் மருத்துவ ஆலோசகர் படித்துவிட்டு, ஈ.சி.ஜி. எடுத்திருக்க வேண்டும் என்று சொன்னார். விசாரணை வரை செல்லாமல் இரு தரத்தாரும் ஒரு தொகைக்கு உடன்பட்டனர். கம்பெனி அதைக் கொடுத்தது. கடை மூடப்படவில்லை, இன்று மகன் அதை நடத்துகிறார்.

இரண்டு கட்டங்களில் மற்றொன்றை நான் நிரப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பழைய கம்பெனிக்குத் தெரிவித்திருக்க மாட்டேன். புதிய கம்பெனியோ மறைத்ததற்காகப் பாலிசியையே செல்லாததாக்க முனைந்திருக்கலாம். அந்தத் தொகை என் வீட்டை விற்றுத்தான் வந்திருக்கும். அல்லது, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொடுக்காமல் தப்புவதற்காக ஒரு நோயாளியோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடியிருப்பேன்.

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் டாக்டர்களாவீர்கள். சிலர் எஞ்சினியர்களாகவும் வக்கீல்களாகவும் ஆவீர்கள். தொழில் பொறுப்புக் காப்பு அவர்களுக்கும் உண்டு. எல்லோருமே என்றேனும் ஏதேனும் ஒரு பாலிசியில் கையொப்பமிடுவீர்கள். நான்கு செய்திகளை மட்டும் நினைவில் வையுங்கள். விலையைப் பார்ப்பதற்கு முன் தேதிகளைப் பாருங்கள். புதியது கைக்கு வரும் வரை பழையதை விடாதீர்கள். பழையது முடிவதற்குள் தெரிவிக்க வேண்டியதை எழுத்தில் தெரிவியுங்கள். விண்ணப்பத்தை நீங்களே படித்து, நீங்களே உண்மையை எழுதுங்கள். முகவர் பூர்த்தி செய்தாலும் கையொப்பம் உங்களுடையது.

எத்தனை நல்ல பாலிசியும் அந்தக் கடைக்காரரின் இருதயத்திற்குப் பழைய வலிமையைத் திருப்பித் தரவில்லை. ஈ.சி.ஜி. கருவியை இப்போது பக்கத்து அறையில் வைப்பதில்லை. என் நாற்காலிக்கு அருகிலேயே வைத்திருக்கிறேன். நீரிழிவு உள்ளவர் எவரேனும் மேல் வயிறு வலிக்கிறது என்று சொன்னால், விருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்பே என் கை அதனிடம் செல்கிறது.